ஒற்றைக் கண்ணும் ஊதா டயோடும்

கொத்தமல்லி விதைக்கு மூன்று கால் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. மெக்கானிக் இடுக்கியால் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தபோது எடையே தெரியவில்லை. மூச்சுவிட்டால் பறந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

"கவிஞரே, நீங்க கேட்ட ஊதா. ரெண்டுதான் கெடச்சுது. தும்மித் தொலச்சிடாதீங்க" என்றான்.

திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. அவன் டி.வி.யும் கம்ப்யூட்டரும் பிரித்துப் போடுகிறவன். நான் மாப்பிள்ளை, மணப்பெண், மஞ்சள் நீராட்டுப் பாப்பா, கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் என்று செஞ்சியின் எல்லா முகங்களையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பேனராக அடித்துத் தருகிறவன். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுவேன். அது கவிதையா உரைநடையா என்று எனக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் அவன் வாயில் நான் கவிஞர். அந்தச் சொல்லை அவன் சொல்லும்போது பக்கத்தில் ஒரு சிரிப்பும் நிற்கும்.

எங்கோ கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் மூட்டையாக அவன் கடைக்கு வந்திருந்தன. அதில் இரண்டில் மட்டும் சி.டி. மாதிரித் தட்டில் எழுதும் உயர்ந்த வகை டிரைவ். அவற்றின் வயிற்றுக்குள் இருந்தது லேசர் கதிரைக் கக்குகிற இந்த டயோடு. அலைநீளம் நானூற்று ஐந்து நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் கடைசி வீடு அது. அதற்கு அப்பால் தெருவே கிடையாது. தெரு முடிகிற இடத்தில் குடியிருக்கிற நிறம். எனக்கு அது போதும், பைத்தியம் பிடிக்க.

சிவப்பு லேசரை யாருக்குத்தான் தெரியாது? சந்தையில் சாவிக்கொத்தோடு தொங்கும். பச்சையையும் வாங்கிப் பார்த்தேன், அது அலட்டல். ஊதா வேறு. போய் விழுகிற இடத்தில் இருக்கிற பொருளைத் தட்டி எழுப்பும். வெள்ளை வேட்டி நீலமாக எழுந்திருக்கும். பல் எழுந்திருக்கும், நகம் எழுந்திருக்கும். இதையெல்லாம் இணையத்தில் பார்த்துப் பார்த்து ஆறு மாதம் சரியாகச் சோறு இறங்கவில்லை. முகம் காட்டாத யார் யாரோ, கையை மட்டும் காட்டி, டயோடைப் பித்தளைக் குழலில் அழுத்தி, கம்பி பற்றவைத்து, ஒரு பொத்தானை அமுக்குவார்கள். அமுக்கும் அந்த நொடியில் என் விரலும் தானாக மடங்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை செய்வது ஒரே கண். வலது கண். இடது கண் பிறந்த நாள் முதலே சோம்பேறி. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது சரிசெய்கிற வயது தாண்டிவிட்டது. படிப்பது, எழுதுவது, டிசைன் போடுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அந்த ஒரு வலது கண்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, பார்வையைக் கருக்கிவிடக்கூடிய வெளிச்சத்தோடு விளையாடக் கிளம்பினேன், ஐம்பத்திரண்டு வயதில்.

வீட்டில் கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். என் மனைவி பிளவுஸ் தைப்பவள். கூடத்து ஜன்னலோரம் மெஷின். பெடலை நிறுத்தாமலேயே திட்டுவாள். அன்று நிறுத்திவிட்டுத் திட்டினாள்.

"இருக்கிறதே ஒரு கண்ணு. அதுவும் போச்சின்னா உங்கள இட்டுனு போறதுக்கும் இட்டுனு வர்றதுக்கும் எனக்கு எங்க டைம் இருக்குது? முகூர்த்த மாசம் வருது. துணி மல மாரி குவிஞ்சி கெடக்குது."

"அதுக்குன்னு கண்ணாடி இருக்குது. ஆரஞ்சுக் கண்ணாடி. போட்டுக்கினா ஊதா உள்ளயே வராது."

"உள்ளயே வராதுன்னா அப்புறம் எதுக்கு அதப் பாக்கறது?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போதைக்கு, கண்ணாடி போடாமல் ஒரு நாளும் பொத்தானைத் தொட மாட்டேன் என்று சொல்லி வைத்தேன். கண்ணாடி தபாலில் வந்தது. போட்டுக் காட்டினேன். "தவள மாரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதிக்க ஆரம்பித்தாள். அதுதான் எங்கள் வீட்டில் சம்மதம்.

பின்பக்கத்துச் சாமான் அறையை எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் வரக் கூடாதே என்று ஜன்னலுக்குக் கடையில் மிஞ்சிய ஒரு கல்யாண பேனரை, கறுப்புப் பக்கம் உள்ளே வருகிறாற்போல ஆணி அடித்தேன். எப்போதோ கல்யாணம் முடிந்துபோன யாரோ ஒரு ஜோடி, எங்கள் பின்சந்தில் போவோர் வருவோருக்கெல்லாம் கைகூப்பி வரவேற்புச் சொல்லிக்கொண்டு நின்றது. பட்டப் பகலில் அறை கும்மிருட்டாகிவிட்டது. வெளியே மலைப் பாறையெல்லாம் வெயிலை வாங்கி ஊர்மேல் திருப்பி ஊதிக்கொண்டிருக்கும். உள்ளே நான், வியர்வை, ஒரு ஸ்டூல், ஒரு பேட்டரி, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளைக் குழல். கரன்ட்டை ஏற்றவும் இறக்கவும் ஒரு சின்னத் திருகு. திருகைப் பொருத்திக் கொடுத்தவன் மெக்கானிக்.

முதல் முறை பொத்தானை அமுக்கியபோது கத்திவிட்டேன். மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருந்தேன். கதிர் பட்டதும் பாட்டிலுக்குள் ஒரு பச்சை மின்னல் குறுக்கே படுத்துக்கொண்டது. கோழி முட்டைக் கருவும் இளம் வாழைக் குருத்தும் சேர்ந்த நிறம், எரியாமல் எரிகிறது. தினம் குழம்பில் போடுகிற மஞ்சள். இத்தனை நாள் இதை வயிற்றுக்குள்ளே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது!

அடுத்த நாள் முருங்கைக் கீரை. கசக்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டினால் பச்சைத் தண்ணீர். ஊதாவைக் காட்டினால் ரத்தச் சிவப்பு. கீரைக்குள் ரத்தம். ஓடிப்போய் மனைவியை இழுத்து வந்தேன், என் கண்ணாடியை அவளுக்கு மாட்டி, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "அய்ய" என்றாள். பிறகு, "இன்னொரு வாட்டி" என்றாள்.

மெக்கானிக் கோட்டைப் பக்கத்தில் கல்லைப் புரட்டி ஒரு தேளைப் பிடித்து ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தான். ஊதாவில் அது நீலப்பச்சையாக ஜொலித்தது, திருவிழா சீரியல் செட் மாதிரி. "யோவ், இத்தினி வருசமா இதுங்க மேலதான் செருப்பப் போட்டு அடிச்சினு இருந்தோமா?" என்று அவன் உட்கார்ந்துவிட்டான். தேளைத் திரும்ப மலையடியில் விட்டுவிட்டு வந்தோம், எதற்கோ மன்னிப்புக் கேட்டவர்கள் போல.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஷீட். இருட்டில் பச்சையாக மினுங்குமே, ஸ்டிக்கர் கடையில் ரேடியம் ஷீட் என்று விற்பார்கள், அது. லேசரைக் கையில் பிடித்து அதன்மேல் எழுதினால் எழுதிய கோடு அப்படியே நிற்கும். ஒளியால் எழுதுவது! பேனாவில்லை, மையில்லை, அழுத்தம்கூட இல்லை. 'வா' என்று எழுதினேன். இருந்தது. மெதுவாக மங்கி, சுவாசம் குறைகிற மாதிரி குறைந்து, போயிற்று. நான் எழுதியதில் அடித்துத் திருத்தத் தேவைப்படாத முதல் எழுத்து அது. ஒரு மத்தியானம் முழுக்க எழுதினேன். ஒரு வரியும் மிச்சமில்லை.

ஆனால் ஒரு குறை. ஊதா என்னவோ எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

ஆமாம், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். சொன்ன சொல்லை மீறித்தான். மஞ்சளும் தேளும் கண்ணாடி வழியாகவே தெரியும். ஊதா மட்டும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனையும்? சுவரில் விழுந்த புள்ளியை ஓரக்கண்ணால் ஒரு நொடி, இரண்டு நொடி பார்ப்பேன். ஊறிக் கிடக்கிற நாவல் கொட்டை மாதிரி ஒரு அழுக்கு. இவ்வளவுதானா தெருக்கோடி வீடு?

இணையத்துக் கைகளும் அதையேதான் சொல்லின, மனிதக் கண்ணுக்கு அந்த ஊதா எப்போதும் கொஞ்சம் மங்கல்தான் என்று. அது உண்மையும்கூட. அதனால் என் கண்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டயோடுதான் வலுவில்லாதது என்று நினைத்தேன். திருகைக் கொஞ்சம் ஏற்றினேன்.

ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு காபியோடு வந்தவள், சுவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"யம்மா! இன்னா இப்பிடி கூசுது!"

"கூசுதா? இது மங்கல். இன்னும் ஏத்தணும்."

"மங்கலா? கண்ணக் குத்துது. கத்திரிப்பூவும் இல்ல, வாடாமல்லியும் இல்ல, இந்தக் கலருக்கு நூலே கெடையாது."

"நீ சும்மா பயத்துல சொல்ற."

"நான் தெனம் நூறு கலர் பாக்கறவ. நீங்க எனக்குக் கலர் சொல்லாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்கு முன்கதை உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் என் கையில் ஒரு துணித் துண்டைக் கொடுத்து மேட்சிங் சென்டருக்கு அனுப்பியிருந்தாள், நூல் வாங்க. துணி கத்திரிப்பூ நிறம். கடைக்காரர் ஒரு நூல்கண்டை நீட்டினார். நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். "சார், அது கருப்பு சார்" என்றார். "உங்க லைட்டுல அப்படித் தெரியுது" என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் நூலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "கத்திரிப்பூவுக்குக் கருப்பு. எந்த ஊரு பேஷன்?"

ஆக, அவள் கண், கடைக்காரர் கண் எல்லாம் ஒரு பக்கம். என் ஒற்றைக் கண் ஒரு பக்கம். மெக்கானிக் செல்போனில் படம் எடுத்துக் காட்டினான், புள்ளி வெள்ளை வெளேரென்று வெடித்திருந்தது. போன் மிகைப்படுத்தும் என்றேன். கவிஞன் சொல்கிற பேச்சா அது?

திருகை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். ஒரு வியாழக்கிழமை முதல் டயோடு செத்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. கதிர் மட்டும் சட்டென்று சோர்ந்து, சின்ன ஊதா விளக்காக அசடு வழிந்தது. அளவுக்கு மீறிக் கரன்ட் குடித்தால் இப்படித்தான் ஆகுமாம். மெக்கானிக் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "லேசரா வந்தது, ஜீரோ வாட்ஸ் பல்பா போயிடுச்சி. கவிஞரே, எவ்ளோ ஏத்துனீங்க? டயோடுன்னு நெனச்சீங்களா, மெட்ராஸ் பஸ்ஸுனு நெனச்சீங்களா?"

ஒன்று மிச்சம். அதையும் பொருத்தினேன். அதையும் ஏற்றினேன். படிப்பினை என்பது எனக்கு மெதுவாக ஏறும். கரன்ட்தான் சீக்கிரம் ஏறும்.

அந்த ஞாயிறு மத்தியானம் முருங்கைச் சாறு மறுபடி. இந்தத் தடவை சிவப்பையும் ஊதாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும், கீரைக்குள் நுழைகிற ஊதா எந்த இடத்தில் சிவப்பாக மாறுகிறது என்று. அதற்குக் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும். கழற்றினேன். பாட்டிலுக்கு உயரம் போதவில்லை. உயரத்துக்கு நம் வீட்டில் எதை வைப்போம்? கைக்கு எட்டியதை. எவர்சில்வர் சொம்பு. கவிழ்த்து வைத்து அதன்மேல் பாட்டிலை வைத்தேன். தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற சொம்பு. உலகத்தில் லேசர் வைத்திருப்பவன் எவனும் அறைக்குள் பளபளக்கிற எதையும் வைக்க மாட்டான். செஞ்சிக்காரன் சொம்பை வைத்தான்.

முழங்கை ஸ்டூலில் பட்டது. அவ்வளவுதான். கதிர் பாட்டிலிலிருந்து ஒரு விரற்கடை கீழே நழுவி, சொம்பின் வயிற்றில் பட்டு, அறை முழுக்க ஒரு முறை சுழன்றது. சுழன்றதில் ஒரு துளி என் வலது கண்ணுக்குள் வந்துபோயிற்று. ஊசி. ஊசியாகக்கூட இல்லை, ஊசியின் நினைப்பு. பொத்தானைத் தட்டி அணைத்தேன். இருட்டு. இருட்டின் நடுவில் மஞ்சள்பச்சையாக ஒரு பொட்டு நின்றது.

வெளியே வந்து வெயிலைப் பார்த்தேன். வெயிலிலும் அந்தப் பொட்டு. காலண்டரைப் பார்த்தேன், தேதிமேல் பொட்டு. கண்ணை மூடினால் பொட்டு, திறந்தால் பொட்டு. எதைப் பார்க்கிறேனோ அதன் நட்ட நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இது போனால் இன்னொன்று கிடையாது. எனக்கு ஸ்பேர் கிடையாது.

சொல்லவில்லை. மாலை வரைக்கும் மறைத்தேன். மாலையில் அவள் துணித் துண்டு ஒன்றை நீட்டி, இதில் ஜரிகை தங்கமா செம்பா என்று கேட்டாள். வாங்கிக் கொஞ்சம் ஓரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்து, பொட்டுக்குப் பக்கத்து இடத்தால் பார்த்தேன்.

பெடல் நின்றது.

"இன்னா அது, கோழி மாரி பக்கவாட்டுல பாக்குறீங்க?"

சொன்னேன். சொம்பு வரைக்கும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்ச் சாமான் அறையிலிருந்து பித்தளைக் குழலையும் பேட்டரியையும் எடுத்துவந்தாள். மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டர் வாயால சொல்லட்டும், தர்றேன். இல்லன்னா இந்த டப்பாவுலயே கெடக்கட்டும்." அப்புறம் திரும்பி நின்றுகொண்டு, "வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் திண்டிவனம். பொட்டு பாதி வெளுத்திருந்தது, ஆனால் இருந்தது. ஒரு சின்னக் கண் மருத்துவமனை. டாக்டர் இளம்பெண். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிகிற வரைக்கும் உட்காரவைத்து, தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னார். என்ன வெளிச்சம், எவ்வளவு நேரம், நேராகவா பட்டது, திரும்பியா என்று துருவித் துருவிக் கேட்டார். நான் நானோமீட்டர் கணக்கோடு சொல்லச் சொல்ல, அவர் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"எதுல பட்டுத் திரும்புச்சு?"

"சொம்புல" என்றாள் என் மனைவி, எனக்கு முன்னால்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. என் மனைவியின் விரல்கள் என் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது தெரிந்தது. பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"பின்னாடி விழித்திரையில தழும்பு எதுவும் தெரியல. சொம்பு வளைவா இருந்ததால வெளிச்சம் சிதறிப் போயிருக்கும். பொட்டு ரெண்டு நாள்ல போயிடும். போகலைன்னா உடனே வாங்க." மனைவியின் விரல்கள் சட்டையை விட்டன. "ஆனா சார், உங்களுக்குக் கண்புரை இருக்கு. லென்ஸ் நல்லா மஞ்சளாயிடுச்சு."

திரையில் படத்தைக் காட்டினார். என் கண்ணின் நடுவில் பனங்கற்கண்டு நிறத்தில் ஒரு வட்டு. பழுப்புமஞ்சள். அதன் வழியாகத்தான் நான் இவ்வளவு நாளும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இந்த மஞ்சள் முதல்ல எதைத் தடுக்கும் தெரியுமா? ஊதாவைத்தான். நீலத்தையும் கொஞ்சம் தின்னும். உங்களுக்கு ஊதா மங்கலாத் தெரிஞ்சிருக்கணுமே?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டயோடு இல்லை! நான்! இருக்கிற ஊதாவெல்லாம் முழுசாகத்தான் வந்திருக்கிறது, என் வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கிறது! நான் இல்லாத குறைக்காக ஒரு டயோடைக் கொன்று, இன்னொன்றைக் கொல்லப் பார்த்து… "டாக்டர், இந்த மஞ்சளே அன்னிக்கி எனக்குக் கொஞ்சம் தடுப்பா இருந்திருக்குமா?" என்று கேட்டேன். "இருந்திருக்கலாம். அத நம்பி இன்னொரு தடவ பாக்காதீங்க" என்றார்.

"கண்ணுல புரைன்னு சொல்றாங்க, இவரு இன்னா கல்யாணத்துக்கு வந்த மாரி சிரிக்கிறாரு?" என்றாள் மனைவி.

டாக்டர் பிறகு சொன்னதுதான் சிரிப்பை நிறுத்தியது. சாதாரண ஆபரேஷன்தான், தினமும் நடப்பது. ஆனால் எனக்கு இது ஒன்றுதான் பார்க்கும் கண். நூற்றில் ஒருவருக்கு நேர்கிற கோளாறு எனக்கு நேர்ந்தால், சாய்ந்துகொள்ள இன்னொரு கண் கிடையாது. செய்யாமலும் கொஞ்ச காலம் ஓட்டலாம். யோசித்துச் சொல்லுங்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். விரிந்த கண்மணியில் வெளிச்சமெல்லாம் பஞ்சு பஞ்சாக உடைந்தது. மலைகள் வரத் தொடங்கின. பாறைமேல் பாறை, அதன்மேல் பாறை, எல்லாம் வெல்லக் கட்டி நிறம். அது பாறையின் நிறமா என் கண்ணின் நிறமா? பயம் வந்தது. இந்த மஞ்சளோடு பழகிவிட்டேன். இதில் எழுதியிருக்கிறேன். இது போதும் என்று இருந்துவிடலாமே?

"இன்னா யோசன?" என்றாள்.

"இருக்கிறத வெச்சி ஓட்டிடலாமான்னு."

"ஓட்டலாம். ஒண்ணும் இல்ல." டிக்கெட்டைச் சின்னதாக மடித்தாள். "ஆனா உங்களால இருக்க முடியாது. தெரியாத கலர் ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே எனக்குத்தான் தூக்கம் போச்சி."

அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. நாள் குறித்துவிட்டோம்.

ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகான ஒரு நாள்தான் நீளம். வலது கண்ணைக் கட்டிவிட்டார்கள். சோம்பேறிக் கண்ணோடு ஒரு முழு நாள். உலகம் ஈரத் துணியில் வரைந்த படமாக இருந்தது. மனைவி ஒரு நிறமாக வந்தாள், ஒரு நிறமாகப் போனாள். தட்டில் இட்லி எங்கே, சட்னி எங்கே என்று அவள் என் விரலைப் பிடித்துக் காட்டினாள். கட்டுப் பிரித்தால் இதுவேதான் இருக்குமோ என்ற பயத்தை விழுங்கிக்கொண்டே இட்லியையும் விழுங்கினேன். நான் பேசிக்கொண்டே இருந்தேனாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

கட்டைப் பிரித்தார்கள். வெள்ளை. சுவர் வெள்ளை. டாக்டர் கோட்டு வெள்ளை. என் வேட்டி, நான் இத்தனை நாள் சந்தனம் தடவினதோ என்று நினைத்த வேட்டி, வெள்ளை. "என் முகத்த பாருங்க" என்றாள். பார்த்தேன். நரை எவ்வளவு, சுருக்கம் எங்கெங்கே, மூக்குத்திக் கல் சிவப்பு. "வயசாயிடுச்சி உனக்கு" என்றேன். "கண்ணு வந்துடுச்சி டாக்டர், வாயும் வந்துடுச்சி" என்றாள், அழுதுகொண்டே.

செஞ்சிக்குள் பஸ் நுழைந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்க என் பேனர்கள். மாப்பிள்ளைகள் நீலம். மணப்பெண்கள் நீலம். போன மாதம் மறைந்த பெரியவர், மறைவதற்கு முன்பே மூச்சுத் திணறியவர் போல நீலம். கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்த நிறத்தையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். என் புரையை ஊர் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், அதற்குக் கீழே 'அனைவரும் வருக' என்றும் போட்டு! ஒருத்தர்கூட ஒன்றும் சொல்லவில்லையே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "கேட்டாங்க. கவிஞர் ஸ்டைலுனு சொல்லி வெச்சேன்" என்றான்.

ஒன்றரை மாதம் கழித்து, எல்லாம் சரி என்று டாக்டர் வாயால் சொன்னார். லேசரைப் பற்றியும் கேட்டோம். கண்ணாடி போடாமல் லேசராக அதை எரியவிடவே கூடாது என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. டயோடு எடுத்த எடுப்பிலேயே லேசர் ஆகிவிடாது. கரன்ட் ஒரு எல்லையைத் தாண்டும்வரை அது வெறும் சின்ன விளக்கு, குத்துவதில்லை. அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே வைத்துக் காகிதத்தில் பட்டுத் திரும்புவதைப் பார்த்தால்? மெக்கானிக் மீட்டர் வைத்து அளந்தான். அதற்கு மேலே போகவே முடியாதபடி திருகைப் பூட்டினான். "பரவால்ல, தைரியமா பாருங்க" என்றான்.

டிராயரைத் திறந்தாள். சாமான் அறைக்கு அவளும் வந்தாள். சொம்பு, டம்ளர், தட்டு எல்லாம் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. கதவில் உட்பக்கமாக இரட்டைக் கறுப்பு லைனிங் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள், என்னிடம் சொல்லாமலே. குழலை வெள்ளைக் காகிதத்தை நோக்கித் திருப்பி வைத்தேன். அவளே பொத்தானை அமுக்கினாள்.

எப்படிச் சொல்வது. வெறும் விளக்கு, லேசரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காகிதத்தின்மேல் ஒரு காசளவு விழுந்திருந்தது. அது மங்கல் இல்லை, அழுக்கு இல்லை. நீலம் முடிந்து, அதற்கும் மேலே இன்னொரு படி ஏறி, அங்கே நின்று உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. குளிர்ந்திருந்தது. ஓரத்தில் லேசாகப் புகைந்தது, பார்வை அதை முழுசாகப் பிடித்து நிறுத்த முடியாமல் வழுக்கியது. என்னுடைய இத்தனை சொற்களில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் போய் நிற்கவில்லை, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவளும் குனிந்துவிட்டாள். மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். கண்களில் ஊதா.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்களேன்" என்றாள். "லேசராவே போடுங்க. ஒரு நொடி. அது எப்பிடி இருக்கும்?"

"திருகு பூட்டியிருக்குது."

"மெக்கானிக்க கூப்புடுங்க. தொறக்கச் சொல்லுங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறு மாதம் என் தொண்டைக்குள் இருந்த குரல். அவள் கை குழல் பக்கம் போவதற்குள், யோசிக்காமல், என் உள்ளங்கை போய் அவள் இரண்டு கண்களையும் மூடியது. இமைகள் கைக்குள் துடித்தன. ஆரஞ்சுக் கண்ணாடி இன்னொன்று தபாலில் வரட்டும், அதுவரை இல்லை என்றேன். இல்லவே இல்லை என்றேன்.

"கைய எடுய்யா" என்றாள், "மூக்குத்தி குத்துது."

எடுக்கவில்லை. முதலில் பொத்தானை அணைத்தேன்.